பொட்டாசியம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டு

உங்கள் வீட்டில் ஒருவருக்கு வயிற்றால் போகிறது என்றால் முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? தண்ணீரையா, சாப்பாட்டையா, மருந்து கொடுத்தவரையா? நான் மூன்றையும் வரிசையாகச் சந்தேகப்பட்டேன். ஒரே வாரத்தில்.

அந்த ஜூலை மழையில் அப்பாவுக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்து, திங்கட்கிழமை விடிவதற்குள் பதினைந்து தடவை மேட்டுக் கக்கூஸுக்கும் வீட்டுக்கும் நடந்துவிட்டார். பதினாறாவது தடவைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா யார் தோளையும் பிடிக்கிற ஆள் இல்லை.

நாங்கள் சிலோனிலிருந்து வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்து, கடைசியில் க்ளென்மார்கன் பஸ் போகிற வழியில் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வந்து விழுந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கவ்வாத்து. அதாவது முற்றிய தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிற வேலை. நான் ஊட்டியில் அரசுக் கல்லூரி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம். திமிரில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன்.

ஐந்து வருடம் ஆகியும் அப்பா தற்காலிகம்தான். தற்காலிகக்காரர்களுக்கு எஸ்டேட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து காலை மஸ்டரில் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். வீடு அவர் பேரில் இருந்ததால் பேரோடு வீடும் போய்விடும். காய்ச்சல், கால் உடைந்தது, எதுவும் கணக்கில் வராது. வந்து நிற்க வேண்டும், பேர் சொன்னால் குரல் கொடுக்க வேண்டும். ஊட்டி காந்தலில் ஒரே அறையில் இரண்டு குடும்பமாக ஒண்டிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர், இங்கே எந்த வீடு காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆக, அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா சொந்தக் காலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை.

திங்கட்கிழமை காலையில் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். மழைக்குப் பிறகு குழாயில் வருகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. அதில்தான் கிருமி என்று முடிவு கட்டினேன். பாக்டீரியா, டாக்ஸின் என்று எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் இறக்கினேன். தண்ணீர் என்று ஒரு சொட்டுகூட அப்பா வாயில் படக் கூடாது என்றேன். கொதித்த தேத்தண்ணி மட்டும் குடிக்கலாம் என்று நானே அனுமதி கொடுத்தேன். அப்பா தலையாட்டினார். தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. தேத்தண்ணி அவர் உயிர்.

அம்மாவோ நேராகக் கடைக்காரர் மேல் சந்தேகத்தைப் போட்டாள். சனிக்கிழமை அவர் கொடுத்த கருவாடு. எனக்கு அதிலும் சந்தேகம்தான். ஆனால் அதே கருவாட்டைத் தின்ற நானும் அம்மாவும் குத்துக்கல்லாக இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை அம்மா காலையில் வேலைக்குப் போகும் முன் அப்பாவைக் கைத்தாங்கலாக எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டர் வாரம் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர் ராஜ்ஜியம். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர், ஐம்பது வயது, மங்கி கேப், எவ்வளவு கூட்டம் வந்தாலும் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்களை யார் இவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள்? அவர் ஒரு ஊசி போட்டு, வெள்ளைப் பொடி அடைத்த பாக்கெட் ஆறு கொடுத்தார். உடம்பிலிருந்து போன உப்புச் சத்து திரும்ப வரும், விடாமல் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொன்னாராம். அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பாதி கேட்டாள், ஓடிவிட்டாள்.

சாயந்திரத்துக்குள் எங்கள் லைன், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, முழுக்க அந்தப் பொடியைப் பற்றிப் பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே அப்பாவிடம் ரகசியம் சொன்னாள். கவர்மெண்டு சும்மா கொடுக்கிற பொடி, புள்ளை பிறக்காமல் இருக்கக் கலந்து தருகிறார்களாம், மசினகுடிப் பக்கம் ஒருத்தன் சாப்பிட்டுவிட்டு இப்போது மீசைகூட முளைக்கவில்லையாம்.

படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "எனக்கு இனி பொறந்து எவன் பேரு பதியப் போறான். குடு புள்ள அந்தப் பொடிய."

சிரித்தோம். ஆனால் அந்த அக்கா சிரிக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மண்டபத்தில் எங்களை வரிசையில் நிற்க வைத்து இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். எதற்கு என்று கேட்ட ஒருவருக்கும் பதில் கிடைக்கவில்லை. இந்தத் தாளில் கைநாட்டு வை, அங்கே நிலம் தருவார்கள் என்றார்கள். வைத்தோம். நிலம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அப்படி வந்தவர்களிடம் ஒருவன் இலவசமாகப் பொடி கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?

நான் காலை ஆறரை பஸ்ஸில் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவேன். அம்மாவும் பகலில் மலையில். அப்பா தனியாகத்தான் இருந்தார். சாயந்திரம் வந்ததும், பொடி குடித்தீர்களா என்று கேட்பேன். குடித்தேன் என்பார். தலைமாட்டில் காலிப் பாக்கெட் கிடக்கும். சந்தேகப்பட அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் புதன்கிழமை அப்பா இன்னும் மோசமானார். வாய் உலர்ந்து உதடு வெடித்தது. புதிதாக வாந்தியும் சேர்ந்துகொண்டது. கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு கல் மாதிரி ஆனது. நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து உருவினோம். எழுந்து நிற்க வைத்தால் முட்டி மடங்கியது. "காலு என் பேச்ச கேக்க மாட்டேங்குது புள்ள" என்றார். குரலே உள்ளேயிருந்து வந்தது.

இது என்ன என்று எனக்குத் தெரியும். வயிற்றால் போகும்போது தண்ணீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து போய்விடும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளர்ந்துபோகும். கால் நிற்காது. ரொம்பக் குறைந்தால் இதயமும் ஒரு தசைதான். புத்தகத்தில் படித்தபோது அது இரண்டு மார்க் கேள்வி. இப்போது எங்கள் வீட்டுப் பாயில் கிடந்தது.

அப்படியானால் பொடி ஏன் வேலை செய்யவில்லை? பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷிலும் இந்தியிலும் பொடி எழுத்து. குளுக்கோஸ், சோடியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு. எல்லாம் சரியாக அச்சடித்திருந்தது. சரியாக இருந்ததனாலேயே என் சந்தேகம் நேராகக் கம்பவுண்டர் மேல் போய் உட்கார்ந்தது. நல்ல மருந்தை வெளியே விற்றுவிட்டுக் கல் உப்பையும் சர்க்கரையையும் அடைத்துக் கொடுக்கிறான். பொட்டாசியம் போடவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசும்போதே நினைத்தேன்.

வியாழக்கிழமை ஒரு பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப் உதவியாளரைக் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கினேன். செய்ய வேண்டியது சின்ன வேலை. பிளாட்டினம் கம்பியை ஆசிட்டில் நனைத்து, பொடியைத் தொட்டு, பர்னர் சுடரில் காட்ட வேண்டும். சோடியம் இருந்தால் சுடர் மஞ்சள். பொட்டாசியம் இருந்தால் வெளிர் ஊதா. காட்டினேன். குளுக்கோஸ் கருகி ஜீராப் பாகு வாசனை வந்தது. சுடர் மஞ்சள். நல்ல கெட்டி மஞ்சள். இன்னொரு தடவை. மஞ்சள். மூன்றாம் தடவையும் மஞ்சள்தான். ஊதாவின் சாயல்கூட இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பா அங்கே நிற்க முடியாமல் கிடக்கிறார், நான் இங்கே திருடனைப் பிடித்துவிட்டேன் என்று குதிக்கிறேன். ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'பரிசோதித்ததில் பொட்டாசியம் இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன். பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போடக் கை அரித்தது. இன்னும் முடிக்கவில்லையே என்று விட்டேன்.

சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக டிஸ்பென்சரிக்குள் நுழைந்தேன். எட்டுப் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு அதுவும் வசதி. சீட்டை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இந்தப் பொடியில் பொட்டாசியமே கிடையாது, லேபில் பார்த்துவிட்டேன் என்றேன்.

கம்பவுண்டர் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். பாக்கெட்டில் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்களே என்றார். பாக்கெட்டில் எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றேன். வரிசையில் சலசலப்பு. கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி தன் கையிலிருந்த பாக்கெட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் பின்னாலேயே ஒரு கிழவரும் வைத்துவிட்டுப் போனார். கம்பவுண்டர் அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஏனுங்கம்மிணி, அப்பா இத எப்படிக் குடிக்கிறாருங்க?"

எப்படி என்றால்? வாயால்தான் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மங்கி கேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மிச்ச ஆட்களைப் பத்து நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். தடயத்தை மறைக்க வருகிறார் என்று நான் ஒரு அடி பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கிள்ளின இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, நீங்கள் பொடி சாப்பிடுகிற மாதிரியே எனக்கு ஒரு தடவை சாப்பிட்டுக் காட்டுங்கள் என்று கேட்டார்.

அப்பாவுக்கு அது ஒரு கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டார். பாலில்லாத, கறுத்த, வாய் சுடுகிற சாயம். பாக்கெட்டைப் பல்லால் கிழித்து இடது உள்ளங்கையில் ஒரு குவியலாகக் கொட்டினார். நாக்கின் நுனியால் தொட்டு நக்கினார். முகம் சுருங்கியது. ஒரு மிடறு தேத்தண்ணி விழுங்கினார். திரும்ப நக்கினார்.

எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இதைத்தான் சொல்ல வருகிறேன். சிலோன் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் யாரும் தேத்தண்ணியில் சீனியைக் கலக்க மாட்டார்கள். கலந்தால் நிறைய சீனி வேண்டும். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி நக்கிக்கொண்டு வெறும் சாயத்தைக் குடிப்பார்கள். அப்பா பிறந்ததிலிருந்து அப்படித்தான். எங்கள் லைனில் பாதிப் பேர் இப்போதும் அப்படித்தான். வெள்ளையாக, இனிப்பாக ஒரு பொடியைக் கொடுத்தால் அவர் கை தானாக அந்த வேலையைச் செய்யும்.

கம்பவுண்டர் குனிந்து அப்பாவின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ, இத ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கோணும்ங்க. நாஞ் சொன்னேனுங்களே."

"சொன்னீங்க தொரை," என்றார் அப்பா. "தண்ணி தொட்டா செத்துருவேன்னு எம்மவ சொல்லிட்டா. படிச்ச புள்ள. அதான் தேத்தண்ணியில எறக்குறேன்."

வீட்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

கம்பவுண்டர் என்னைத் திட்டவே இல்லை. அப்பாவுக்குச் சொல்லுகிற மாதிரி எனக்குச் சொன்னார். ஒரு லிட்டருக்கான உப்பை அப்படியே விழுங்கினால் அது குடலுக்குள் உடம்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், தாகமும் வாந்தியும் போக்கும் அதிகமாகும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவுத் தண்ணீரோடு போனால்தான் குடல் அதை உள்ளே வாங்கும். அந்தத் தேத்தண்ணி வேறு கெட்டிச் சாயம், இருக்கிற தண்ணீரையும் வெளியே தள்ளும். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் என்ன கிருமி இருக்கப்போகிறது என்று அவர் கேட்டபோது நான் அடுப்பைப் பார்த்தேன். கொதிக்க வைத்த தண்ணீர் என்று ஒன்று இருப்பது அந்தத் திங்கட்கிழமைப் பிரசங்கத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்தால் அது தேத்தண்ணிதான்.

அம்மா தண்ணீர் வைத்தாள். லிட்டர் அளக்க எங்களிடம் பாத்திரம் இல்லை. கம்பவுண்டர் ஆளை அனுப்பி டிஸ்பென்சரி ஜாடியை வரவழைத்தார். ஆற வைத்து, ஒரு முழுப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கி, டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

அப்பா வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க குடிங்க தொரை."

கம்பவுண்டர் குடித்தார். அப்பா அவர் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இப்போது நீ என்றார். நானும் குடித்தேன். லேசான உப்பு, லேசான இனிப்பு. கண்ணீரை விட உப்பாக இருந்தால் கலவை தப்பு, கொட்டிவிட வேண்டும் என்று கம்பவுண்டர் சொல்லிக் கொடுத்தார். அம்மாவும் ஒரு வாய் குடித்தாள், யாரும் கேட்காமலே. மூன்று பேரும் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா டம்ளரை வாங்கினார்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். நாளைச் சாயந்திரத்துக்குள் சரியாக மூத்திரம் போகவில்லை என்றால் லாரி பிடித்தாவது ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் கிளம்பினார். மருந்தோடு நிற்காமல் பொட்டாசியம் உள்ள சாப்பாடும் வேண்டும் என்றார். இளநீர் இந்தக் குளிரில் எங்கே கிடைக்கும். வாழைப்பழம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து மசித்து, வெந்த தண்ணீரையும் கொட்டாமல் கொடுங்கள் என்றார். உருளைக்கிழங்கு வாயு என்று அப்பா உடனே ஆட்சேபித்தார். நிற்க முடியாதவருக்கு வாயுவைப் பற்றி என்ன கவலை என்று அம்மா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் காலேஜுக்குப் போகவில்லை. கையில் கரண்டி, பக்கத்தில் ஜாடி. அப்பா ஒவ்வொரு தடவையும் ஜாடியைத் திறந்து காட்டச் சொன்னார். மூடி போட்டிருந்தால் ஏன் மூடினாய் என்றார். திறந்திருந்தால் ஈ விழுந்ததா என்றார். மேலேயிருந்த படுகர் தோட்டத்தில் அம்மா ஒரு கூடைக் கிழங்கு வாங்கி வந்தாள். மதியம் ஒரு கிண்ணம் கூழாக உள்ளே போய்த் தங்கியது. சாயந்திரம் நாலரை மணிக்கு அப்பா மூத்திரம் போய்விட்டு வந்து அதை அறிவித்தார். நானும் அம்மாவும் பரீட்சை ரிசல்ட் கேட்ட மாதிரி நின்றோம்.

சனிக்கிழமை அரை நாள் காலேஜ். லேப் உதவியாளரிடம் என் மஞ்சள் சுடரைப் பற்றிச் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து ஒரு நீலக் கண்ணாடித் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் வருடப் பாடம். சோடியத்தின் மஞ்சள் பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும், கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன். சுடரில் ஊதா பளிச்சென்று நின்றது. எத்தனையோ தடவை ரெக்கார்டில் எழுதியிருக்கிறேன், படம்கூட வரைந்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை எனக்கு வேண்டியது மஞ்சள். மஞ்சளைப் பார்த்தேன்.

அன்று மதியம் டிஸ்பென்சரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். கம்பவுண்டர் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. மேஜையில் திரும்பி வந்த பாக்கெட்டுகளை என் கையில் கொடுத்தார்.

"அந்த ரெண்டு ஊட்டுக்கும் நீங்களே போய்க் குடுத்துட்டு வந்துருங்க அம்மிணி. நாங் குடுத்தா இனி வாங்க மாட்டாங்க."

கிழவர் வீட்டில் சுலபமாக முடிந்தது. அவருக்கு எதுவுமே இல்லை, சும்மா வாங்கி வைக்க வந்தாராம். கைக்குழந்தைக்காரிதான் கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. அழுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று எனக்கு மூச்சு வந்தது.

"நேத்து முந்தாநா இல்லன்ன. இன்னைக்கு இருக்குங்கிற. கம்பவுண்டரு ஒனக்கு என்னா குடுத்தான்?"

என்ன சொல்லியும் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கடைசியில் அவள் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரிலேயே, அவள் கண் முன்னால் கரைத்து, அவள் டம்ளரில் முதலில் நான் குடித்தேன். அரை மணி நேரம் என்னை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் குழந்தைக்கு ஒரு கரண்டி ஊட்டினாள். மறுநாளும் நான்தான் போய்க் குடித்துக் காட்டினேன். அந்தக் குழந்தைக்கும் போக்கு நின்றது. அவள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். பிறகு சுவரைப் பிடிக்காமல் நடந்தார். முட்டி ஆடியது, மடங்கவில்லை.

திங்கட்கிழமை காலை மழை. அப்பா இப்போதும் மஸ்டர் என்று சொல்வதில்லை, பெரட்டு என்பார், அது சிலோன் பேச்சு. பெரட்டுக்கு நானும் வருகிறேன் என்றதற்கு, மகள் தாங்கிப் பிடித்து நிற்கிறவனுக்கு எவன் பேர் போடுவான் என்று மறுத்துவிட்டார். அம்மா மட்டும் பக்கத்தில் நடந்தாள். நான் பாக்டரி மறைவில் நின்று பார்த்தேன். சூப்பர்வைசர் தாளை மழைக்கு மறைத்துக்கொண்டு பேர் வாசித்தார். அப்பா பேரை வாசித்துவிட்டு நிமிர்ந்து, ஆள் தேறிவிட்டாரா, அல்லது நிற்க வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். அருகில் வரச் சொன்னார். அப்பா பத்து அடி தனியாக நடந்து போய் நின்றார். சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார்.

அன்று பிற்பகல் மூன்று மணி. அப்பா எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.